கணக்கு நோட்டில் கிடைத்த ஓவியம்

திண்டுக்கல் மலைக்கோட்டையை வாட்டர் கலரில் வரைய உட்காருகிறவர்களுக்கு முதல் எதிரி வெயில். வானத்துக்கு நீலம் இழுத்து வலது ஓரத்துக்கு வருவதற்குள் இடது ஓரம் காய்ந்துவிடும். நடுவில் கோடு விழும். அதன்மேல் மறுபடி பூசினால் சேறாகும். தாளை முதலிலேயே நனைத்துக்கொண்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

பாறைக்கு நேர்மாறு. பிரஷ்ஷின் ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டு, சொரசொரப்பான தாளில் படுக்கவைத்து இழுத்தால் மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். பள்ளங்களில் தாளின் வெள்ளை தெரியும். கருங்கல் தானாக வந்துவிடும். இதற்கு அதே வெயில் ஒத்தாசை!

வெளிச்சம் வேண்டிய இடத்தைத் தொடாமல் விட வேண்டும், தப்பு நடந்தால் திருத்துவது கஷ்டம் என்பதுதான் வாட்டர் கலரின் கறார். இதில் சின்ன வயதிலேயே கை தேர்ந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். கடைசியில் அதைத் தாண்டிப் போனவரும் அவர்தான்.

1911-ல் கோவையில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு கேரளத்தின் பொன்னானியில். பச்சையும் தண்ணீருமான அந்த ஊர்ப்பக்கத்துக் காட்சிகளை 12 வயதிலேயே வரையத் தொடங்கினார். 17 வயதில் அவர் படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. அடுத்த வருடமே எல்லாம் மாறியது. அப்பா இறந்துவிட, குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார்.

1936-ல் அந்த வேலையை உதறிவிட்டு, சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது வயது 25. சர்க்கார் வேலையை விட்டுவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்றால் இன்றைக்கும் எந்த வீட்டில் சரி என்பார்கள்? அங்கே தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்தார். 1957-ல் அதே நாற்காலியில் பணிக்கர் உட்கார்ந்தார்.

பெயரும் பதவியும் வந்தாயிற்று. இயற்கைக் காட்சிகளையே வரைந்துகொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் கற்ற முறை மேல்நாட்டுடையது. நம் மண்ணுக்கென்று ஒரு ஓவிய மொழி எங்கே என்ற கேள்வி அவரை விடவில்லை.

பதில் கிடைத்த இடம் வேடிக்கையானது. 1963-ல் ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் கண்ணில் பட்டது. எண்கள், அல்ஜிப்ரா எழுத்துகள், ஜியாமெட்ரி கோடுகள். கணக்காக அல்ல, படமாகவே அந்தப் பக்கம் அவருக்குத் தெரிந்தது. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசை அப்படித்தான் பிறந்தது. அதில் ஜாதகக் கட்டங்கள் உண்டு, வரி வரியாக நெருக்கமான எழுத்தும் உண்டு. பார்த்தால் மலையாளம் போலிருக்கும், படிக்கப் போனால் ஒன்றும் புரியாது. புரிய வேண்டும் என்று அவர் எழுதவும் இல்லை. எழுத்தின் ஓட்டமும் அடர்த்தியும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. 50 வயதைக் கடந்த பிறகு இப்படி ஒரு திருப்பம்!

தன் மாணவர்களையும் அவர் நடுத்தெருவில் விடவில்லை. ஓவியத்தை மட்டும் நம்பினால் அடுப்பெரியாது என்று அவருக்குத் தெரியும். அவர்கள் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில்தான், 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பணிக்கர் 1977-ல் காலமானார். கிராமம் இன்றும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.

அதுவரை, வீட்டுப் பீரோவிலிருந்து பழைய ஜாதக நோட்டை எடுத்துப் பாருங்கள். நாலு மூலையிலும் மஞ்சள், நடுவே பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஓரெழுத்து ஈரெழுத்தாகக் கிரகங்கள், விளிம்பில் யாரோ பென்சிலில் போட்ட கூட்டல். பலன் பார்க்காமல், படமாக மட்டும் ஐந்து நிமிடம்.