நல்லெண்ணத்துக்கு அங்கே என்ன சொல்?

தெற்கு அந்தமானில் குட்வில் எஸ்டேட் என்று ஒரு சிற்றூர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கை பரபரக்கும் பெயர். குட்வில் என்றால் நல்லெண்ணம். எஸ்டேட் நம்மூர் மலைகளிலும் எஸ்டேட்தான். ஆங்கிலம் வருவதற்கு முன் அந்த மண்ணை என்ன சொல்லி அழைத்தார்கள்? சொல்ல ஆளில்லை. தலைநகரத்தின் கதையும் அதுதான். போர்ட் பிளேர் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் பெயர். 2024-ல் அதை ஸ்ரீ விஜயபுரம் ஆக்கினார்கள். போன பெயரும் வெளியூர், வந்த பெயரும் வெளியூர்.

அந்தப் பக்கத்தில் பேசப்பட்ட மொழி அகா-பேயா. கிரேட் அந்தமானியர் என்று சொல்லப்படும் பத்துக் குழுக்களில் ஒன்றின் மொழி. 1858-ல் பிரிட்டிஷார் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பாக்கிக்குப் பலியானவர்களைவிட, 1877-ல் பரவிய தட்டம்மைக்கும் மேகநோய்க்கும் பலியானவர்கள் அதிகம். 1901 மக்கள்தொகைக் கணக்கில் அகா-பேயா மக்கள் 37 பேர். 1921-ல் ஒரே ஒருவர். 1931-ல் அவரும் இல்லை.

அந்த ஒருவர் யாரிடம் பேசியிருப்பார் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

மொழி போனாலும் அகராதி இருக்கிறது. அந்தமானில் அதிகாரியாக இருந்த எட்வர்டு ஹொரேஸ் மேன் தொகுத்தது. 1923-ல் நூலாக வந்தது. 'பேரிங' என்றால் நல்ல. ஆனால் எதில் நல்ல என்று சொல்லியாக வேண்டும். கையைக் குறிக்கும் 'உன்' சேர்ந்து 'உன்-பேரிங' என்றால் கெட்டிக்காரர். கண்ணுக்கான 'இக்' சேர்ந்தால் கூர்ந்த பார்வை உடையவர். தலையையும் நெஞ்சையும் குறிக்கும் 'ஓத்' சேர்ந்தால் நற்குணம் உள்ளவர். குட்வில்லுக்கு நான் தேடிய சொல்லுக்கு இதுதான் பக்கத்தில் வருகிறது. வாய்க்கான 'அகா' சேர்ந்த 'அகா-பேரிங'வோ பல மொழி பேச வல்லவர்! நாமும் கைதேர்ந்தவர், நாநயம் உள்ளவர் என்கிறோம். நமக்கு அது சொல்லழகு. அவர்களுக்கு இலக்கணமே அது. உலகத்தை உடம்பால் அளந்த மொழி. இங்கே நான் எழுதியிருக்கும் உச்சரிப்பு பிசகு என்றால் திருத்தத்தான் யாருமில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த போ மொழியின் கடைசிக் குரல் போவா என்ற மூதாட்டி. 2004 சுனாமிக்குத் தப்பியவர். 2010 ஜனவரியில் இறந்தார். கடைசி ஆண்டுகளில் அக்கம்பக்கத்தாரிடம் பேச அவருக்கு இந்திதான் துணை. மொழியியலாளர் அன்விதா அப்பி அவர் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வைத்ததால் நமக்குக் கொஞ்சம் மிஞ்சியது. 2020 ஏப்ரலில் லிச்சோ இறந்தபோது சாரே மொழியும் போயிற்று.

இந்தச் சாவுகள் அரசாங்கக் கணக்கில் ஏறுவதில்லை. 1971 முதல், பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகளை மக்கள்தொகைக் கணக்கு தனித்தனியே வெளியிடுவதில்லை. 'பிற' என்ற மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அந்தமானில் எந்தப் பழங்குடி மொழி பத்தாயிரத்தைத் தொடும்? 2011 கணக்கு காட்டும் மொழிகள் 121. கணேஷ் தேவியின் மக்கள் மொழிக் கணக்கெடுப்போ 780 என்றது. பிறப்புச் சான்றிதழே இல்லாதவருக்கு இறப்புச் சான்றிதழ் யார் கொடுப்பார்கள்?

தமிழர்களும் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும் குடியேறிய தீவு அது. இந்தக் கணக்கில் நமக்குச் சம்பந்தமில்லை என்று நாமும் கைகழுவ முடியாது.

அகா-பேயாவின் ஒரு சொல்லை மட்டும் நாம் நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். 'ஜாரவா'. அந்நியர் என்று பொருள். தங்கள் பேச்சு புரியாத, காட்டுக்குள் வாழ்ந்த அண்டை மக்களை அவர்கள் அப்படி அழைத்தார்கள். பிரிட்டிஷார் அதையே ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். அழைத்தவர்கள் போய்விட்டார்கள். அழைக்கப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய குழந்தைகள் இன்னும் சொந்த மொழியில் பேசுகிறார்கள். தங்களை அவர்கள் 'அங்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.