பிரமாதம் என்றால் போதுமா?

திரைப்படப் பின்னணி இசையில் நாட்டமுள்ள இருவர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி ஒன்று உண்டு: "இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறாய்?"

உங்கள் வகுப்பிலும் இப்படிப்பட்டவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். பாட்டு அவர்களுக்கு இரண்டாம் பட்சம். கதாநாயகன் படியேறி வரும்போது ஒலிக்கிறதே, தாயும் மகனும் பிரியும்போது ஒலிக்கிறதே, அந்த இசையைத் தேடிப் பிடித்துக் கேட்பவர்கள் அவர்கள். ஒருவன் ஒரு படத்தின் பெயரைச் சொல்வான். மற்றவன், "பிரமாதம்!" என்பான். பிறகு அவன் வேறொரு பெயரைச் சொல்வான். இவன், "அதுவும் பிரமாதம்!" என்பான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

இது போதாது என்பது என் கருத்து. ஓர் இசையைக் கேட்டேன் என்று சொல்பவர், அதில் எதைக் கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒருவர் வால்மீனைப் பார்த்துவிட்டு வந்து "அழகாக இருந்தது" என்று மட்டும் சொன்னால் நீங்கள் விட்டுவிடுவீர்களா? எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, வால் எந்தப் பக்கம் நீண்டிருந்தது என்று துளைத்தெடுக்க மாட்டீர்களா? கண்ணுக்குத் தரும் இந்த மரியாதையை நாம் காதுக்குத் தருவதில்லை.

எடுத்துக்காட்டாக, 1975-இல் வெளிவந்த 'ஜாஸ்' என்ற அமெரிக்கப் படத்தைப் பார்ப்போம். கடலோர ஊர் ஒன்றைச் சுறாமீன் கலங்க வைக்கும் கதை. இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். இசை ஜான் வில்லியம்ஸ். இதன் இசையைக் கேட்ட ஒரு மாணவன், "சுறா வரும்போது பயங்கரமாக இருக்கும்" என்கிறான். இன்னொரு மாணவி சொல்கிறாள்: "இரண்டே சுரங்கள்தாம். இரண்டும் அடுத்தடுத்த சுரங்கள். மிகத் தாழ்ந்த ஒலி. முதலில் விட்டுவிட்டு வருகிறது. பிறகு வேகம் கூடுகிறது. கருவிகளும் ஒவ்வொன்றாகச் சேருகின்றன."

முதலில் சொன்னது அவனுடைய உணர்வு. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் கொண்டு நாம் மேலே ஓர் அடியும் வைக்க முடியாது. இரண்டாவது சொன்னதை நாம் சோதித்துப் பார்க்கலாம். ஆர்மோனியத்தில், இடையே கறுப்புக் கட்டை இல்லாமல் ஒட்டியிருக்கும் இரண்டு வெள்ளைக் கட்டைகளை, தாழ்ந்த பகுதியில், மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள். ஒன்று நொடிக்கு 100 முறை அதிர்கிறது என்றால், அடுத்தது ஏறத்தாழ 106 முறை அதிரும். இவ்வளவு சிறிய இடைவெளி காதுக்கு நிறைவைத் தருவதில்லை. எங்கேயோ போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பை உண்டாக்குகிறது. மெதுவாகத் தொடங்கி வேகத்தைக் கூட்டுங்கள். ஏதோ ஒன்று நெருங்கி வருவதுபோல் தோன்றுகிறதல்லவா? ஸ்பீல்பெர்க்கே இந்த இரண்டு சுரங்களை முதன்முதலில் பியானோவில் கேட்டபோது வேடிக்கை என்று எண்ணிச் சிரித்துவிட்டாராம்.

இன்னும் கூர்மையாகக் கேட்பவர் மற்றொன்றையும் கவனிப்பார். அதே படத்தில் இரண்டு சிறுவர்கள் அட்டையில் செய்த சுறாத் துடுப்பை நீரில் நகர்த்தி ஊரையே ஓட வைப்பார்கள். அந்த இடத்தில் அந்த இசை வருவதே இல்லை! கண் ஏமாறுகிறது, இசை பொய் சொல்ல மறுக்கிறது. பின்னணி இசையில் இசை இல்லாத இடமும் ஒரு செய்தி. "பிரமாதம்" என்று மட்டும் சொல்பவருக்கு இந்தச் செய்தி கிட்டுவதில்லை.

அடுத்தது 'சைக்கோ'. ஆல்பிரெட் ஹிட்ச்காக் 1960-இல் இயக்கிய படம். குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்கவில்லை, எழுதிக் காட்டினார், ஹிட்ச்காக் மனத்தை மாற்றிக்கொண்டார். அந்தக் கீச்சொலியைக் கேட்ட பலர், பறவைகள் அலறுகின்றன என்றோ, ஏதோ மின்கருவி என்றோ எண்ணுவதுண்டு. உண்மையில் அது வயலின் குடும்பத்துக் கருவிகள் மட்டுமே. படம் முழுவதிலும் முரசு இல்லை, எக்காளம் இல்லை, குழல் இல்லை. இதைக் கண்டுபிடிக்க இசைப் படிப்பு தேவையில்லை. "எந்தக் கருவி?" என்று நம்மை நாமே ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

இந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா? அமெரிக்காவில் டேனியல் புளூம்ஸ்டீன் என்ற உயிரியலார் மார்மட் என்னும் மலை அணில் வகையை ஆராய்ந்து வருபவர். குட்டி மார்மட்டைப் பிடித்தால் அது ஒருவகையாகக் கதறும். தொண்டையின் தாங்கு திறனுக்கு மேல் காற்றைச் செலுத்துவதால் அதிர்வு ஒழுங்கு குலைந்து, குரல் உடைந்து கரகரக்கும். ஒலிபெருக்கியை அளவு மீறித் திருகினால் கேட்கும் கரகரப்பைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சத்தில் உள்ள விலங்கு எழுப்பும் இத்தகைய ஒலி, கேட்கும் விலங்கைச் சட்டென விழிப்படையச் செய்கிறது. திரைப்படங்களும் இதே வித்தையைப் பயன்படுத்துகின்றனவா என்று புளூம்ஸ்டீனும் அவருடைய தோழர்கள் இருவரும் 102 படங்களின் ஒலியை அலசினார்கள். 2010-இல் வெளியான அவர்கள் கட்டுரையின்படி, திகில் படங்களில் இத்தகைய கரடுமுரடான ஒலிகள் தற்செயலாக எதிர்பார்க்கக்கூடிய அளவைவிட மிகுதியாக இருந்தன. மலை அணிலின் கதறலும் திரையரங்கின் இசையும் ஒரே ஆய்வுத் தாளில்! யாரோ ஒருவர், "இந்த ஒலி எதைப்போல் இருக்கிறது?" என்று கேட்டதால் வந்த விளைவு இது.

இன்னொரு விந்தை. 1945-இல் வந்த 'ஸ்பெல்பவுண்ட்' படத்துக்கு மிக்லோஷ் ரோஷா அமைத்த இசையில் ஒரு குரல் கேட்கும். பெண் அழுவதுபோல் இருக்கும்; வயலினைப்போலவும் இருக்கும்; இரண்டும் இல்லை. அது தெரமின் என்ற கருவி. 1920-ஆம் ஆண்டையொட்டி லெவ் தெரமின் என்ற ரஷ்ய இயற்பியலார் உருவாக்கியது. வாசிப்பவர் அதைத் தொடுவதே இல்லை! உள்ளே இரண்டு மின் அலையியற்றிகள் இருக்கின்றன. இரண்டும் நம் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குகின்றன. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் வாசிப்பவரின் கையும் சேர்ந்து ஒரு மின்தேக்கிபோல் ஆகிவிடுகின்றன. கையை அருகே கொண்டுபோனால் ஓர் அலையியற்றியின் அதிர்வெண் சிறிது மாறும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மட்டும் ஒலியாகக் கேட்கும். பள்ளியில் இசைக்கவைகளைக் கொண்டு 'விம்மல்' பாடம் நடத்துவார்களே, அதன் உறவுக்காரன்தான் இது.

இசையை அனுபவிக்க வேண்டும், அறுத்துப் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஏற்கவில்லை. மல்லிகையின் இதழ்களை எண்ணியவனுக்கு மல்லிகையின் மணம் குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தவிரவும், உணர்வை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. "எனக்கு அழுகை வந்தது" என்று எழுதுங்கள். அது எந்த நொடியில் வந்தது, அப்போது என்ன ஒலித்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இதில் இழப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? நிறைய இருக்கிறது. ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். என்ற பெரிய படநிறுவனம் இருந்ததை அறிவீர்கள். 1960-களின் இறுதியில் அந்த நிறுவனம் தன் இசை நூலகத்தையே குப்பையில் கொட்டியது. வாத்தியக் குழுவில் ஒவ்வொருவரும் எதை வாசிக்க வேண்டும் என்று எழுதிய முழுச் சுரக் குறிப்புகள் மலைமலையாக மண்ணுக்குள் போயின. இடம் அடைக்கிறது என்பதுதான் காரணம்! பிற்காலத்தில் ஜான் வில்சன் என்ற ஆங்கில இசை நடத்துநர், எஞ்சிக் கிடைத்த சுருக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, எந்தக் கருவி எந்தச் சுரத்தை வாசிக்கிறது என்று காதாலேயே கண்டுபிடித்து எழுதினார். பாடலும் ஆடலும் நிறைந்த அந்தப் படங்களின் இசை 2009-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் மீண்டும் முழங்கியது. ஒரு மனிதரின் பொறுமையான காது இல்லாவிட்டால் அந்த முழக்கம் இல்லை.

அதற்கு முன்பே, 1974-இல், எல்மர் பெர்ன்ஸ்டைன் என்ற இசையமைப்பாளர் ஒரு காரியம் செய்தார். பழைய படங்களின் பின்னணி இசையை வெளியிட நிறுவனங்கள் முன்வராததைக் கண்டு, ரசிகர்களைச் சந்தாதாரர்களாகச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். இசைக் குழுவை அமர்த்தி, பழைய இசையைப் புதிதாகப் பதிவு செய்து, இசைத்தட்டுகளை அஞ்சலில் அனுப்பினார். கூடவே பருவ இதழ் ஒன்றும் நடத்தினார். ஹிட்ச்காக்கின் 'டார்ன் கர்ட்டன்' (1966) படத்துக்கு ஹெர்மன் எழுதி, ஹிட்ச்காக் ஏற்க மறுத்த இசைகூட இந்த வழியாக ரசிகர்களின் காதுக்கு வந்து சேர்ந்தது. படத்தில் ஒலிக்காத இசையைக் கேட்கச் சந்தா கட்டியவர்கள்! இவர்கள் "பிரமாதம்" என்பதோடு நின்றிருந்தால் சங்கம் ஓர் ஆண்டும் தாங்கியிராது.

நம் வீட்டுக் கதைக்கு வருவோம். தமிழ்ப் படங்களில் பாடல்கள் இசைத்தட்டாக வந்தன. பிறகு கேசட்டாக வந்தன. பின்னணி இசை பெரும்பாலும் தனியே வந்ததில்லை. டிஜிட்டல் முறை வருவதற்கு முன், திரையரங்குக்குப் போகும் பிலிம் சுருளின் ஓரத்தில் ஒலி ஒரு மெல்லிய பட்டையாக அச்சாகியிருக்கும். அதன் வழியே ஒளி பாயும், பட்டையின் அமைப்புக்கு ஏற்ப ஒளி கூடிக் குறையும், ஒளிமின்கலம் அதை மின்னோட்டமாக்கும், ஒலிபெருக்கி ஒலியாக்கும். ரீரெக்கார்டிங்கில் அமைத்த இசை, வசனம், காலடி ஓசை, கதவு சாத்தும் ஓசை எல்லாம் கலந்து அந்த ஒரே பட்டையில் இருக்கும். பாலும் நீரும் கலந்த மாதிரிதான். இன்றைய கணிப்பொறி மென்பொருள்கள் ஓரளவு பிரித்துத் தருகின்றன. ஆனால் அவை இன்னும் முழு அன்னம் ஆகவில்லை.

வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்ட தலைமுறைக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டார்கள். 'திருவிளையாடல்' (1965) படத்தின் வசன இசைத்தட்டு திருமண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் ஒலித்தது. புலவர்களின் வாதம் பலருக்கு மனப்பாடம். அந்த வசனத்துக்கு நடுவே கே. வி. மகாதேவனின் இசை எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று கேட்டுப் பாருங்கள்; தாத்தாவுக்கும் உடனே சொல்லத் தெரியாது. இளையராஜா 1976-இல் 'அன்னக்கிளி'யில் தொடங்கி அமைத்த பின்னணி இசைக்கு இன்று எத்தனையோ இளைஞர்கள் அடிமை. காட்சித் துண்டுகளை வெட்டிக் கைபேசியில் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் அனுப்பும்போது நெருப்புப் படமும் இதயப் படமும் போடுவதற்குப் பதிலாக இரண்டு வரி எழுதினால் என்ன? "இந்த இடத்தில் புல்லாங்குழல் நின்றுவிடுகிறது, வீணை மட்டும் தொடர்கிறது, முதலில் வந்த மெட்டே இங்கே மெதுவாகத் திரும்புகிறது" என்று எழுதினால், பெறுபவர் அதைத் தேடிக் கேட்பார். தவறு என்றால் திருத்துவார். நாளைக்கு அந்தச் சுருள் கெட்டுப்போனால், வில்சனைப் போன்ற ஒருவர் இங்கே தோன்றும்போது, உங்கள் இரண்டு வரி அவருக்கு ஒரு பிடிமானம் ஆகலாம்.

கூர்ந்து கேட்பது வேறு, உரக்கக் கேட்பது வேறு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியைக் கூட்டினால் நுட்பம் கூடாது, காதுதான் கெடும். வயது வந்தோர் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிறுவர்களுக்கு அது 75 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே 90 டெசிபலில் வயது வந்தோருக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான்! உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. மனிதரிடத்தில் அவை செத்தால் மீண்டும் முளைப்பதில்லை. அமைதியான அறையில், குறைந்த ஒலியில் கேட்டுப் பாருங்கள். பின்னால் ஒளிந்திருக்கும் கருவிகள் மெல்ல வெளியே வரும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் ஏதாவது பழைய படம் வரும். நண்பர்கள் நான்கு பேர் சேருங்கள். இரண்டு பேர் திரையைப் பார்த்து உட்காருங்கள். இரண்டு பேர் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். பத்து நிமிடம் மட்டும். இசை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, என்னென்ன கருவிகள் என்று நால்வரும் தனித்தனியே எழுதுங்கள். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது. பிறகு நான்கையும் வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். திரைக்கு முதுகு காட்டியவர்களின் தாள்தான் நீளமாக இருக்கும் என்பது என் ஊகம்.