வேலை உறுதி, ஊதியம் எங்கே?

கேரளத்தில் செவிலியர் கல்வியைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகின்றனர்: படித்து முடித்தால் வேலை உறுதி. உறுதிதான். எந்த நாட்டில் என்பதைத்தான் மெல்லிய குரலில் சொல்கின்றனர்.

வளைகுடா, அயர்லாந்து, பிரிட்டன், ஜெர்மனி என நீளும் பட்டியலை மாநிலத்தின் வெற்றியாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க இயலவில்லை. நான்காண்டு பி.எஸ்சி. படிப்புக்குக் கல்விக்கடன் பெற்ற குடும்பம், உள்ளூர்த் தனியார் மருத்துவமனை தரும் சம்பளத்தில் தவணை கட்ட முடியாமல் மகளை விமானம் ஏற்றுகிறது. இதற்கு ‘வாய்ப்பு’ என்று பெயர் சூட்டுவது மருத்துவமனை நிர்வாகங்களுக்கு மட்டுமே வசதி.

2011, 2012 ஆண்டுகளின் வேலைநிறுத்தங்களில் செவிலியர் கேட்டவை குறைந்தபட்ச ஊதியமும் ‘பாண்ட்’ ஒழிப்புமே. சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை வாங்குவதற்குக் கொத்தடிமை என்ற பழைய சொல் நம்மிடம் உண்டு. வெள்ளைச் சீருடையைக் கண்டதும் அச்சொல்லை மறந்துவிடுகிறோம்.

உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் இட்ட ஆணைப்படி மத்திய அரசு அமைத்த குழு தெளிவாகவே சொன்னது: 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தரவேண்டும், 50 படுக்கைகளுக்கும் குறைவானவைகூட 20,000 ரூபாய்க்குக் கீழே செல்லக்கூடாது. 2017இல் மீண்டும் போராட்டம். 2018 ஏப்ரலில் கேரள அரசு வெளியிட்ட அறிவிக்கையில் அடிப்படை ஊதியம் அதே 20,000! மிகச் சிறிய மருத்துவமனைக்கு வகுத்த கீழ்வரம்பே மிகப் பெரியதற்கும் அடிப்படையாயிற்று. படுக்கை எண்ணிக்கைக்கேற்பச் சில படிகள் சேர்ந்தன, அவ்வளவே. அதையும் எதிர்த்து நிர்வாகங்கள் நீதிமன்றம் சென்றன.

ஊதியம் உயர்ந்தால் மருத்துவமனைகளை மூட நேரிடும் என்கின்றனர். பல மருத்துவமனைகளுக்குச் சொந்தமாகவே கல்லூரிகள் உள்ளன. அங்கே மாணவியர் கட்டணமும் செலுத்தி, பயிற்சி என்ற பெயரில் வார்டுகளிலும் உழைக்கின்றனர். இந்தக் கணக்கை மட்டும் எவரும் மேசைமேல் வைப்பதில்லை.

2014 ஜூலையில் ஈராக்கின் போர்க்களத்திலிருந்து 46 செவிலியர் கொச்சியில் வந்திறங்கினர். நாடே கண்ணீர் மல்க வரவேற்றது. அவர்களுள் சிலர் தீராத கடனை எண்ணி மீண்டும் அயல்நாட்டு வேலையே தேடினர்.

இனி, செவிலியர் கல்லூரி விளம்பரங்களில் அயல்நாட்டுக் கொடிகளை அச்சிடுவதை நிறுத்தட்டும். தன் சொந்த மருத்துவமனையில் புதிதாகச் சேரும் செவிலியரின் மாதச் சம்பளத்தை ஒவ்வொரு கல்லூரியும் சேர்க்கைப் படிவத்தின் முதற்பக்கத்தில் அச்சிடவேண்டும் என அரசு ஆணையிடட்டும்.