மாஷி வராத நாள்

காலை ஏழு மணிக்கு முன்பே டாக்குரியா ரயில் நிலையம் சுறுசுறுப்பாகிவிடும். சியால்டாவிலிருந்து தெற்கே போகும் பாதையில், பாலிகஞ்சுக்கும் ஜாதவ்பூருக்கும் நடுவில் உள்ள சின்ன நிலையம் இது. கேனிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்திலிருந்து வரும் லோக்கல் ரயில்கள் நின்றதும் பெண்கள் கும்பலாக இறங்குகிறார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாகச் சந்துகளுக்குள் பிரிந்துபோகிறார்கள். பாத்திரம் தேய்ப்பது, தரை துடைப்பது, துணி துவைப்பது, சிலருக்குச் சமையலும் உண்டு. பலருக்கு ஒரே நாளில் மூன்று நான்கு வீடுகள். இந்த ரயில்களுக்கு ‘ஜீ ஸ்பெஷல்’ என்று நகரம் ஏளனமாகப் பெயர் சூட்டியிருக்கிறது. ‘ஜீ’ என்றால் வேலைக்காரி.

வீட்டுக்குள் பெயர் வேறு. அங்கே அவர் ‘மாஷி’, அதாவது அம்மாவின் சகோதரி. வீட்டம்மா அவருக்கு ‘பௌதி’, அதாவது அண்ணி. உறவுமுறை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஓய்வுதான் ஒரு பக்கத்தில் இல்லை.

குடும்ப வாழ்க்கையைச் சுலபமாக்கும் பழக்கங்கள் என்று பத்திரிகைகள் காலம்காலமாகக் குறிப்புகள் கொடுக்கின்றன. இரவே காய்கறி நறுக்கி வையுங்கள், சாவிக்கு ஓர் ஆணி அடியுங்கள், மளிகைப் பட்டியலைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் யார் நறுக்குவது, யார் ஒட்டுவது என்று எந்தக் குறிப்பும் சொல்வதில்லை.

டாக்குரியாவில் அந்தக் கேள்வி தானாகவே வந்து நின்ற காலம் ஒன்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் புறநகர் ரயில்கள் நின்றன. மே 20 அன்று அம்பன் புயல் அடித்தது. ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி மரங்கள் சாய்ந்தன. தெற்குக் கல்கத்தாவின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ரயில்கள் மீண்டும் ஓடத் தொடங்கியது நவம்பர் 11 அன்றுதான். 2021 மே 6 முதல் அக்டோபர் இறுதி வரை மறுபடியும் நிறுத்தம். இரண்டு தடவையும் சேர்த்தால் ஓராண்டுக்கு மேல். அந்தக் காலத்தில் ரயிலை நம்பியிருந்த மாஷிகளுக்கு வருமானம் போனது. அவர்களை நம்பியிருந்த வீடுகளில் பாத்திரம் குவிந்தது.

குவிந்த பாத்திரம் ஒரு நல்ல ஆசிரியர். சாப்பிட்ட தட்டை அவரவர் உடனே அலசி வைத்தால் தேய்க்கும் வேலை பாதியாகிறது, காய்ந்துபோனால் இரட்டிப்பாகிறது. அடிப்பிடித்த பாத்திரத்தில் அடுப்பை அணைத்த கையோடு தண்ணீர் ஊற்றினால் பிறகு சுரண்ட வேண்டியதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குத் துணி மடிக்கத் தெரியும். ஐம்பது வயது ஆணுக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை என்பதுதான் விஷயம்.

மத்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணிக்கையில் சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம். ஈடுபடும் ஆண்களின் நேரம் 97 நிமிடம். வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

வேலையைக் குறைக்கும் கலை வங்காளிகளுக்குப் புதிதல்ல. சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் சீதள சஷ்டி. பூர்வீக மேற்கு வங்கக் குடும்பங்கள் பலவற்றில் அன்று அடுப்பு எரியாது. முதல் நாளே உருளை, சின்னக் கத்தரிக்காய், அவரை, பட்டாணி, முழுப் பயறு எல்லாவற்றையும் நறுக்காமல் அப்படியே வேகவைத்து வைப்பார்கள். அதற்கு ‘கோட்டா சேத்தோ’ என்று பெயர். மறுநாள் ஆறியதையே சாப்பிடுவார்கள். அம்மிக்கும் குழவிக்கும் மஞ்சள் துணி போர்த்திப் பூஜை. பாத்ர மாதக் கடைசி நாளில் வரும் ‘அரந்தன்’ பண்டிகையிலும் முதல் நாள் சமையல்தான், அடுப்புக்கு விடுமுறை. காரணம் சாஸ்திரமாக இருக்கலாம், பலன் நடைமுறையானது. ஆனாலும் முதல் நாள் இரவு கண்விழித்துச் சமைப்பது பெண்கள்தான். அம்மிக்குக் கிடைத்த ஓய்வு அரைத்தவருக்கு முழுதாகக் கிடைத்ததில்லை.

டாக்குரியாவுக்கு அருகிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது புரியும். ஒரு நாள் மாவு அரைத்தால் இரண்டு மூன்று நாள் காலைக் கவலை இல்லை. இட்லி மாவு தமிழர்களின் ‘கோட்டா சேத்தோ’. ஊறப்போடுவதும் அரைப்பதும் வழிப்பதும் ஒருவரே என்றால் அதிலும் சௌகரியம் பாதிதான்.

ஆகவே பழக்கத்தோடு ஒரு பெயரும் ஒரு நாளும் சேர வேண்டும். வங்காளிகள் ‘மாஷ்காபாரி’ என்று சொல்லும் மாத மளிகைப் பட்டியலை ஒரு மாதம் கணவர் எழுதினால், வீட்டில் எது எவ்வளவு தீர்கிறது என்பது அவருக்கும் தெரியவரும். பூந்தொட்டித் தட்டு, கூலர், மொட்டைமாடி வாளிகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதை ஞாயிறுதோறும் பிள்ளைகள் பொறுப்பில் விடலாம். டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகிறது. வாரம் ஒருமுறை தவறாமல் செய்தால் போதும். டெங்கு அடிக்கடி தலைகாட்டும் கல்கத்தாவில் இது வெறும் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது, பட்டியல்களில் வருவதில்லை. மாஷிக்கு வார விடுமுறையை முன்கூட்டியே நிச்சயித்து, சம்பளம் பிடிக்காமல் கொடுப்பது. மேற்கு வங்கத்தில் வீட்டுப் பணியாளர்களின் அமைப்பு ஒன்று 2018இல் தொழிற்சங்கமாகப் பதிவானது. மாதத்தில் நான்கு நாள் விடுப்பு, வேலை செய்யும் வீட்டின் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமை போன்றவை இத்தகைய அமைப்புகளின் கோரிக்கைகள். தான் தினமும் கழுவும் கழிப்பறையைப் பயன்படுத்த ஒருவர் போராட வேண்டியிருப்பது அந்த வீட்டுப் பழக்கத்தைப் பற்றித்தான் சொல்கிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007இல் நல வாரியம் அமைந்தது. வாரியம் அரசு அமைக்க வேண்டியது. விடுப்பு கொடுக்க ஒரு குடும்பத்தின் சம்மதம் போதும்.

சொல்லாமல் வராத மாஷியால் வீடு கலங்குகிறது. சொல்லிவிட்டு வராத மாஷியால் கலங்குவதில்லை. ஞாயிறு அவர் வரமாட்டார் என்று தெரிந்தால் சனிக்கிழமையே வேலை பிரிந்துவிடும்.

ஒரு குடும்பத்தின் பழக்கங்கள் நல்லவையா என்று தெரிந்துகொள்ள மாஷி வராத நாளில் சமையலறையை எட்டிப் பார்த்தால் போதும். தொட்டியருகே ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தால் சுவரில் ஒட்டிய பட்டியலால் பயனில்லை. இரண்டு மூன்று பேர் நின்றால், அந்த நேரத்தில் கேனிங் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் தன் வீட்டு வாசலில் சற்று உட்கார்ந்திருக்க முடியும்.