பெயிண்டுக்கு அடியில்
பழைய லேத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அந்தக் காலத்து இரும்பு என்கிறார் நண்பர். இரும்பு நல்லதுதான். அதன்மேல் முப்பது வருடம் சேடில் ஓடியிருக்கிறதே! சக்குப் பக்கம்தான் பெட் அதிகம் தேயும். அங்கே ஆட்டம் போக கிப்பை இறுக்கி, சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். தேய்ந்த பெட் என்றால் நடுவழியில் இறுகி நிற்கும். (புதுப் பெயிண்ட் பளபளத்தால் என் சந்தேகம் கூடத்தான் செய்யும்.)

மோட்டார் த்ரீ ஃபேஸ், வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தானே என்றால், 'வி.எஃப்.டி. போட்டால் போச்சு' என்கிறார். சாதாரண வி.எஃப்.டி. 230 வோல்ட்டை 415 ஆக்காது. ஸ்டாரில் கட்டிய 415 வோல்ட் மோட்டார் என்றால் டெல்டாவுக்கு மாற்றி ஓட்டலாம். முதலிலேயே டெல்டா என்றால் அந்த வழியும் இல்லை. சரி, மோட்டார் ஓடிவிடும் என்றே வைத்துக்கொள்வோம்; ஒரு டன் எடையை வண்டியிலிருந்து யார் இறக்குவது? அதற்கான கிரேன் வாடகையும் அவருடைய 'மலிவு விலை'க் கணக்கில் காணோம்.