பனியனுக்குப் பார்க்குற டெஸ்ட்டை பிள்ளைக்குப் பார்க்குறோமா? திருப்பூரின் புது நீச்சல்குளங்களும் கவனிக்காத கெமிஸ்ட்ரியும்!

'பிரைவேட் பூல், பார்பிக்யூ, டிஜே... ஒருநாள் வாடகைக்கு ஃபார்ம் ஹவுஸ்!' உங்கள் போனிலும் இந்த ரீல்ஸ் வந்திருக்கும். அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, காங்கேயம் ரோடு என எந்தப் பக்கம் போனாலும் புது அப்பார்ட்மென்ட், புது ரிசார்ட், புது ஸ்கூல். அதில் ஒரு நீச்சல்குளமும் இருக்கும். வாரம் ஆறு நாள் ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தண்ணியில் விழுந்து கிடப்பது நல்ல விஷயம்தான்.

ஆனால், குதிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தத் தண்ணியை யாராவது டெஸ்ட் பண்ணினார்களா?

'பிளீச்சிங் பவுடர் போட்டாச்சுங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குதுங்க' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். பதில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால், கண்ணாடி மாதிரி இருப்பதும் பாதுகாப்பாக இருப்பதும் ஒன்றல்ல.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

காரணம், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2024-ல் கேரளாவில் 'மூளையைத் தின்னும் அமீபா' எனப்படும் தொற்றால் அடுத்தடுத்து குழந்தைகள் இறந்தார்கள். 2025-ல் பாதிப்பு இன்னும் கூடியது. அந்த ஆண்டு செப்டம்பரில், திருவனந்தபுரம் ஆக்குளம் சுற்றுலா கிராமத்தின் நீச்சல்குளத்தில் குளித்த மாணவர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் அந்தக் குளம் மூடப்பட்டது. நீச்சல்குளங்களில் குளோரின் அளவைப் பராமரிக்க வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கேரள சுகாதாரத்துறை கறார் காட்டியது.

பீதி வேண்டாம். இது மிக அரிதான தொற்று. இந்தத் தண்ணியைக் குடிப்பதால் வராது, மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. வந்துவிட்டால் பிழைப்பது கடினம் என்பதால்தான் இவ்வளவு பேச்சு. இந்த அமீபாவுக்குச் சூடான தண்ணி ரொம்பப் பிடிக்கும். கொங்கு மண்டலத்தின் ஏப்ரல், மே வெயிலில் திறந்தவெளிக் குளம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நல்ல செய்தி என்னவென்றால், சரியாகப் பராமரிக்கப்படும் குளோரின் இதைத் தடுத்துவிடும். அந்த 'சரியாக' என்ற வார்த்தையில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

குளோரின் இருக்கு... ஆனா வேலை செய்யலை!

தண்ணியில் போட்ட குளோரின் எல்லாமே கிருமியைக் கொல்வதில்லை. அது இரண்டு வடிவமாகப் பிரிகிறது. ஒன்று, வேகமாகக் கொல்லும் ஹைப்போகுளோரஸ் அமிலம். இன்னொன்று, சோம்பேறியான ஹைப்போகுளோரைட் அயனி. எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது தண்ணியின் பி.ஹெச் அளவு.

பி.ஹெச் 7 என்றால், சுமார் முக்கால் பங்கு குளோரின் வேலை செய்யும் வடிவத்தில் இருக்கும். 7.5-ல் பாதி. 8-ல் கால் பங்கு. 8.5-க்குப் போய்விட்டால் பத்தில் ஒரு பங்குதான். அதாவது, நூறு ரூபாய்க்கு வாங்கிப்போட்ட மருந்தில் தொண்ணூறு ரூபாய் சும்மா மிதக்கிறது. அதனால்தான் பி.ஹெச் 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் நீச்சல்குள வழிகாட்டி.

'குளோரின் வாசனை மூக்கைத் துளைக்குது, அப்போ தண்ணி சுத்தமா இருக்கு' என்று நினைப்பவரா நீங்கள்? நேர் எதிர். அந்தக் கார நெடி, குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் சேர்ந்து உருவாகும் குளோரமைன்களுடையது. கண் எரிவதற்கும் முக்கியக் காரணம் அதுதான். நன்றாகப் பராமரிக்கப்படும் குளத்தில் நெடி அதிகம் இருக்காது.

புதுக் குளம் என்றால் ஏன் கூடுதல் சிக்கல்?

புது சிமென்ட். வீடு கட்டியவர்களுக்குத் தெரியும், சிமென்ட் பூச்சு காய்ந்த பிறகும் வாரக்கணக்கில் உள்ளுக்குள் இறுகிக்கொண்டே இருக்கும். அப்போது அதிலிருந்து சுண்ணாம்புச் சத்து தண்ணியில் கசியும். சுண்ணாம்பு காரம் என்பதால், பி.ஹெச் ஏறும். இன்று ஆசிட் விட்டு 7.4-க்குக் கொண்டுவந்தால், நாளைக் காலையில் மறுபடி 8-ஐத் தாண்டி நிற்கும். பூச்சு வெறுமனே சிமென்ட்டாக இருக்கும் குளத்தில் முதல் நான்கு வாரம் இப்படித்தான் போகும். டைல்ஸ் ஒட்டியிருந்தால் இடுக்கில் அடைத்த சிமென்ட்டிலிருந்து கொஞ்சம் குறைவாகக் கசியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

திறப்பு விழாவும் கிரகப்பிரவேசமும் நடப்பது சரியாக இந்த நான்கு வாரத்துக்குள். சொந்தக்காரர்கள் மொத்தமும் பிள்ளைகளோடு வந்து இறங்குவதும் அப்போதுதான். பி.ஹெச் நிலையில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில், குளத்தில் கூட்டம் அதிகமாக இருக்கிறது.

இதோடு நம்ம ஊர் போர் தண்ணியும் சேர்ந்தால்?

திருப்பூரின் தண்ணிக் கதையைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர்த் தொட்டியாக மாறியது. ஆற்றங்கரை கிராமங்களின் கிணறும் போரும் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. அதன்பிறகு, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்போடுதான் அவை மீண்டும் இயங்கின. பட்டறைகளுக்கே உள்ளூர் நிலத்தடி நீர் சரிப்படாமல், 2000-களில் பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணி கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால், புதுக் குளத்தை நிரப்புவது பல இடங்களில் அதே போர் தண்ணிதான். 'உப்புத் தண்ணி' என்று ஒதுக்கி, சமையலுக்குத் தொடாத தண்ணி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் என்றால், குளம் பிடிப்பது 60,000 லிட்டர். உங்கள் போர் தண்ணியின் டி.டி.எஸ் 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குளத்தில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் 90 கிலோ! வெயிலில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால், ஒருநாளைக்கு 250 லிட்டர் காணாமல் போகும். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். குறைந்ததை அதே போரிலிருந்து நிரப்பினால், மாதம் 11 கிலோ உப்பு புதிதாகச் சேரும்.

அந்த உப்பில் கால்சியமும் பைகார்பனேட்டும் இருந்தால், பி.ஹெச் ஏறியதும் சுண்ணாம்பாகத் திரியும். போதாக்குறைக்கு நாம் போடும் பிளீச்சிங் பவுடரிலும் கால்சியம் உண்டு, அதுவும் பி.ஹெச்சை ஏற்றும். விளைவு, ராத்திரி பவுடர் போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் குளம் மோர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். 'அழுக்கு போகலை' என்று நினைத்து இன்னும் நாலு கரண்டி பவுடர் போடுவார்கள். வியாதிக்கு வியாதியையே மருந்தாகக் கொடுப்பது இது.

'அப்போ முழுக்க ஆர்.ஓ தண்ணியை நிரப்பிடலாமா?' அதுவும் சிக்கல்தான். கால்சியமே இல்லாத தண்ணி, தனக்கு வேண்டிய கால்சியத்தைப் புதுப் பூச்சிலிருந்தும் டைல்ஸ் இடுக்கிலிருந்தும் அரித்து எடுத்துக்கொள்ளும். போர் தண்ணியையும் ஆர்.ஓ தண்ணியையும் அளந்து கலந்து, கால்சியம் ஹார்ட்னஸை 200 முதல் 400 பி.பி.எம்-க்குள் நிறுத்துவதுதான் நடைமுறை.

இதெல்லாம் திருப்பூருக்குத் தெரியாததா?

சொல்லப்போனால், தமிழ்நாட்டில் தண்ணி கெமிஸ்ட்ரியை திருப்பூர் அளவுக்கு அன்றாடம் புழங்கும் ஊர்கள் குறைவு. ஒரு சாயப்பட்டறையில் துணியை மெஷினில் ஏற்றும் முன் தண்ணியின் ஹார்ட்னஸ் பார்ப்பார்கள். கால்சியம் அதிகமிருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். ஒவ்வொரு கட்டத்திலும் பி.ஹெச் பார்ப்பார்கள். சோடா ஆஷ் போட்டால் ஏறும், அசிட்டிக் ஆசிட் விட்டால் இறங்கும் என்பது அங்கே வேலை பார்க்கும் பையனுக்கும் தெரியும். பீராக்சைடில் பிளீச் பண்ணிய துணியில் மிச்ச பீராக்சைடு இருந்தால் ஷேடு மாறிவிடும் என்று, 'கில்லர்' போட்டு அதைக் கொன்ற பிறகுதான் சாயம் விடுவார்கள்.

இந்தப் பாடத்தை மறந்த ஒரு நீச்சல்குளம் உலகப் புகழ் பெற்றது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் டைவிங் குளம் திடீரெனப் பச்சையாக மாறியது நினைவிருக்கிறதா? ஏற்கெனவே குளோரின் போட்ட தண்ணியில் யாரோ ஹைட்ரஜன் பீராக்சைடை ஊற்றியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, குளோரின் செயலிழந்து பாசி பிடித்துவிட்டது. பக்கத்துக் குளத்தின் தண்ணியையே மொத்தமாக வெளியேற்றி மாற்ற வேண்டியிருந்தது. திருப்பூர் டையிங் மாஸ்டர் ஒருவர் அங்கே நின்றிருந்தால், கேனைத் திறக்கும்போதே கையைப் பிடித்திருப்பார்.

அறிவு ஊரில் இருக்கிறது. ஆனால், அது பட்டறை கேட்டைத் தாண்டி பூல் பக்கம் வரவில்லை. ஷேடு மாறினால் பையர் ஆர்டரைத் திருப்பி அனுப்புவார், நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரியும். குளத்தில் குளித்த பிள்ளைக்கு இரண்டு நாள் கழித்துக் காது வலித்தாலோ, வயிற்றால் போனாலோ, 'வெயில் ஒத்துக்கலை' என்று விட்டுவிடுகிறோம். திருப்பி அனுப்ப பையர் இல்லை, அதனால் டெஸ்ட்டும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

உங்கள் அப்பார்ட்மென்ட்டிலோ வீட்டிலோ புதுக் குளம் என்றால், இந்த வரிசை முக்கியம்.

* நிரப்பும் முன்பே போர் தண்ணியை லேபில் கொடுத்துப் பாருங்கள். டி.டி.எஸ், ஹார்ட்னஸ், ஆல்கலினிட்டி, பி.ஹெச் நான்கும் வேண்டும்.

* முதலில் ஆல்கலினிட்டியை 80 முதல் 120 பி.பி.எம்-க்குள் கொண்டுவாருங்கள். பி.ஹெச் துள்ளாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். அடுத்து பி.ஹெச். குளோரின் அதற்குப் பிறகுதான்.

* முதல் மாதம் தினமும் பி.ஹெச் பாருங்கள். சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், ஃபில்டர் ஓடட்டும்.

* குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். நம் 60,000 லிட்டர் குளத்தில் 2 பி.பி.எம் ஏற்ற, 30 சதவிகித பிளீச்சிங் பவுடர் 400 கிராம் போதும். 'கண்ணளவு' வேண்டாம். வெயில் சில மணி நேரத்திலேயே குளோரினைத் தின்றுவிடும் என்பதால், காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும்.

* மாத்திரை வடிவக் குளோரினில் சயனூரிக் ஆசிட் உண்டு. அளவாக இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். ஆனால், ஆவியாகாமல் சேர்ந்துகொண்டே போகும். 100 பி.பி.எம்-ஐத் தாண்டினால் குளோரினின் கையையே கட்டிவிடும். கொஞ்சம் தண்ணியை மாற்றுவதுதான் வழி.

* இது உயிர் விஷயம்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவோ, பக்கத்தில் வைக்கவோ கூடாது. விஷ வாயு வரும். பவுடரும் குளோரின் மாத்திரையும் கலந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஆசிட்டைத் தண்ணியில் ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணியை ஊற்றக் கூடாது.

நீங்கள் வாடகைக்குப் போகிறவர் என்றால், அட்வான்ஸ் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். 'இன்னைக்குக் காலையில பி.ஹெச் எவ்வளவு, குளோரின் எவ்வளவுங்க?' எழுதி வைத்த நோட்டின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். நம்பர் வந்தால் நம்பிப் போகலாம். 'அதெல்லாம் போட்டாச்சுங்க' என்று வந்தால் யோசியுங்கள். சந்தேகமாக இருந்தால், ஆன்லைனில் கிடைக்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நனைத்து எடுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் கலர் சொல்லிவிடும். கலர் பார்த்துச் சொல்வதில் நம்ம ஊரை மிஞ்ச ஆள் ஏது?

அரசு என்ன செய்ய வேண்டும்?

நீச்சல்குளத் தண்ணிக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ் 3328 என்ற தரத்தை எப்போதோ வகுத்துவிட்டது. ஹோட்டல் சமையலறைக்குள் அதிகாரிகள் நுழைந்து பார்ப்பதுபோல, காசு வாங்கும் ஒவ்வொரு குளத்திலும் நுழைந்து பார்க்க வேண்டும். குளோரின், பி.ஹெச் அளவை எழுதிய போர்டு குளத்தின் ஓரத்தில் தொங்க வேண்டும் என்று சொல்வதற்குப் பெரிய செலவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஃபில்டரைக் கழுவும் தண்ணியும், மாற்றும்போது திறந்துவிடும் தண்ணியும், ஆர்.ஓ கழித்துவிடும் உப்புத் தண்ணியும் எங்கே போகின்றன? பட்டறைக்கு ஒரு சொட்டு வெளியே விடக் கூடாது என்று சட்டம் போட்ட ஊரில், குளத்துத் தண்ணி பள்ளத்தில் ஓடுவதை யாரும் கேட்பதில்லை. அளவு சிறிதுதான். ஆனால், அத்திக்கடவு-அவிநாசித் தண்ணி ஊர்க் குட்டைக்கு வர 2024 வரை காத்திருந்த மக்களுக்கு, ஒரு குட்டை உப்பானால் என்ன ஆகும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. குறைந்தபட்சம், குளோரின் இறங்கும்வரை சில நாள் வெயிலில் விட்டு, குட்டைக்கும் கிணற்றுக்கும் போகாதபடி பார்த்துத் திறக்கலாம்.

ஒரு பனியன் துணியைத் தண்ணியில் முக்குவதற்கு முன் நாலு டெஸ்ட் எடுக்கிற ஊர் இது. பிள்ளையை இறக்குவதற்கு முன் இரண்டு டெஸ்ட் எடுத்தால் போதும்.