மறுப்புக் கடிதம் இறுதித் தீர்ப்பன்று

இரண்டு சுற்று கீமோதெரபிக்குப் பணம் வழங்கிய காப்பீட்டு நிறுவனம் மூன்றாம் சுற்றுக்கு மறுத்துவிடுகிறது. பாலிசி எடுக்கும்போதே இருந்த சர்க்கரை நோயைத் தெரிவிக்கவில்லை என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. தொடர்ந்து டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கும் இந்நிலை நேரலாம். கடிதத்தைக் கண்டதும் குடும்பத்தினர் நகையை அடகு வைப்பதைப் பற்றியே முதலில் எண்ணுகின்றனர். அதற்கு முன் அம்மறுப்பை எதிர்த்து முறையிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

எல்லா மறுப்பும் தவறானதன்று. விண்ணப்பத்தில் உண்மையை எழுதுவது பாலிசிதாரரின் கடமை. ஆயினும் நிறுவனத்துக்கும் வரம்பு உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட விதிகளின்படி, ஒரு மருத்துவக் காப்பீட்டு பாலிசி தொடர்ந்து 60 மாதங்கள் நடப்பில் இருந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயைத் தெரிவிக்கவில்லை என்று கூறிப் பணம் மறுக்க இயலாது. உரிமைக்கோரலை நிராகரிக்க நிறுவனத்தின் மறுஆய்வுக் குழு ஒப்புதல் அளிக்க வேண்டும். எந்த நிபந்தனையின்படி நிராகரிக்கப்பட்டது என்பதையும் தெரிவிக்க வேண்டும். முந்தைய ஆண்டில் பணம் பெற்றதைக் காட்டிப் புதுப்பிக்க மறுப்பதும் கூடாது.

எனவே, மறுப்பை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். தொலைபேசியில் சொன்ன காரணத்துக்கு எவராலும் பதில் எழுத இயலாது. அடுத்து, நோய் எப்போது முதன்முதலில் கண்டறியப்பட்டது, இச்சிகிச்சை ஏன் தொடர வேண்டும் என்பவற்றை விளக்கும் கடிதத்தை மருத்துவரிடம் பெறுங்கள். மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. இவற்றை இணைத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ஆம்புட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தமிழ்நாட்டுக்குரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. நிறுவனம் நிராகரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் அளிக்க வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகள் ஏற்கப்படும். அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதில் நிறைவு பெறாத நோயாளி நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

இவ்வளவு வழிகள் இருந்தும் பலர் பாதியிலேயே கைவிடுவதற்குக் களைப்பே காரணம். இரவெல்லாம் நோயாளியின் அருகில் விழித்திருப்பவரே பகலில் அலுவலகங்களுக்கும் அலைய வேண்டும் என எதிர்பார்ப்பது அநீதி. உறவினருள் மற்றொருவர் இப்பொறுப்பை ஏற்கட்டும். மருத்துவமனைகளுக்கும் இதில் கடமை உண்டு. மருத்துவர் எழுதும் விளக்கக் கடிதம் நோயாளிக்குச் செய்யும் சலுகையன்று. அது சிகிச்சையின் ஒரு பகுதியே. அதைத் தயங்காமல் கேளுங்கள்.